பெட்டிக்குள் ஒரு கோடை

நுழையும்முன்

சேலத்து வெயிலில் மனிதர் வியர்க்கின்றனர். ஆடுமாடுகள் மரநிழல் தேடி ஒதுங்குகின்றன. வியர்க்கவும் வழியில்லாமல், நிழலுக்கு நகரவும் இயலாமல் மேசையின் கீழ் உழைத்துக்கொண்டிருக்கும் கணினியின் நிலை என்ன? அதனுள் எழும் வெப்பம் எங்கே பிறக்கிறது, எவ்வழியே வெளியேறுகிறது, அவ்வழி அடைபட்டால் என்ன நேரும், அதனைத் திறந்துவிடுவது எப்படி என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மே மாதத்து நண்பகல்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் கிழக்கே அமைந்திருக்கிறது அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோவிலின் சிற்பத் தூண்களால் பெயர்பெற்ற ஊர் இது. சேலம் – விருத்தாசலம் இருப்புப்பாதையும் இவ்வூர் வழியே செல்கிறது. வடதிசையில் சேர்வராயன் மலைத்தொடர் நீலநிறம் காட்டி நிற்கும். அம்மலைமேல் ஏற்காட்டில் இளங்காற்று வீசும் அதே மே மாத நண்பகலில், அடிவாரச் சமவெளியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். சில நாள்களில் அதனையும் கடக்கும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாவதும், உயர்கல்விக்கான இணையவழி விண்ணப்பங்கள் குவிவதும் இந்த மே மாதத்தில்தான். சாலையோரக் கடையொன்றில் இயங்கும் இணையச் சேவை மையத்தை எண்ணிப் பார்ப்போம். மேலே தகரக் கூரை. கதவு சாலையை நோக்கித் திறந்திருக்கிறது. மேசையின் அடியில், சுவரோடு ஒட்டியபடி ஒரு கணினிப் பெட்டி. காலை ஒன்பது மணிக்கு ஒரு சான்றிதழைப் பதிவேற்ற இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அதே வேலைக்குப் பத்து நிமிடம் ஆகிறது. பெட்டிக்குள் விசிறி இரைகிறது. திரையில் சுட்டி நகர மறுக்கிறது. திடீரெனத் திரை இருண்டு கணினி தானே அணைந்துவிடுகிறது. பாதி நிரப்பிய விண்ணப்பமும் அதனோடு போயிற்று. விண்ணப்பிக்க வந்த மாணவிக்கோ அன்றுதான் கடைசி நாள்.

"கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, மாத்தணும்" என்பதே இத்தகைய வேளையில் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு. காலையில் ஒழுங்காக இயங்கிய கணினி ஐந்து மணி நேரத்தில் முதுமை அடைந்துவிடுமா? அது முதுமையால் தளரவில்லை, புழுக்கத்தால் தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு. நாள் முழுவதும் ஒரே சீராக மந்தமாக இருக்கும் கணினிக்கு நினைவகம் போதாமையோ வன்தட்டின் தேய்மானமோ காரணமாகலாம். காலையில் விரைந்தும் பிற்பகலில் தளர்ந்தும் இயங்கும் கணினியில் முதலில் ஐயுற வேண்டியது வெப்பத்தையே. இந்த வேறுபாட்டை அறியாமல் நல்ல கணினியை எடைக்குப் போடுவோர் பலர். மின்னணுக் கழிவுகளை ஒழுங்குபடுத்த 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறையில் உள்ளன. எனினும், கழிவாக வேண்டாத ஒன்றைக் கழிவாக்காமல் இருப்பது எந்த விதிக்கும் முன்னே செய்யத்தக்க செயல்.

வெப்பம் பிறக்குமிடம்

நம் ஊர் வழக்கில் அந்தப் பெட்டி முழுவதையும் 'சி.பி.யூ.' என்று அழைக்கிறோம். அது ஆகுபெயர் போலப் பழகிவிட்ட ஒரு பிழை. மையச் செயலகம் என்பது பெட்டிக்குள், தாய்ப்பலகையின்மீது பொருந்தியிருக்கும் சிறு சில்லு மட்டுமே. நுண்செயலி, பிராசசர் என்பனவும் அதனையே குறிக்கும். உலோக மூடியை நீக்கிப் பார்த்தால் கணக்கிடும் சிலிக்கான் பகுதி கட்டைவிரல் நகத்தின் அளவே இருக்கும்.

அந்நகத்தளவு இடத்தில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னாற்றல் செலவாகிறது. செலவான ஆற்றல் எங்கே போகிறது? மோட்டார் மின்னாற்றலைச் சுழற்சியாக்குகிறது, விளக்கு ஒளியாக்குகிறது. நுண்செயலி எதனையும் சுழற்றுவதில்லை. எதனையும் ஒளிரச் செய்வதும் இல்லை. அது உண்ணும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. கணக்கும் கடிதமும் படமும் நமக்குக் கிடைக்க, அறைக்கு வெப்பம் கிடைக்கிறது.

இவ்வெப்பத்தின் அளவை உணர ஓர் ஒப்பீடு உதவும். துணி தேய்க்கும் மின் இஸ்திரிப் பெட்டி 1000 வாட் மின்திறன் கொண்டது என்க. அதன் அடித்தட்டின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். ஆகவே, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். பொதுவான மேசைக்கணினி நுண்செயலி ஒன்று 65 வாட் மின்திறனும் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் பரப்பும் உடையது என்க. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 43 வாட் ஆகிறது. இஸ்திரிப் பெட்டியைவிட எட்டு மடங்குக்கும் மேலான செறிவு. இஸ்திரிப் பெட்டியின் வெப்பம் துணிக்கு வேண்டும். நுண்செயலியின் வெப்பமோ யாருக்கும் வேண்டாதது. பிறந்த கணமே அதனை அப்புறப்படுத்தியாக வேண்டும்.

அப்புறப்படுத்தத் தவறினால் நுண்செயலி எரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இக்காலச் சில்லுகளின் உள்ளேயே வெப்பநிலையை உணரும் அமைப்பு உண்டு. மேசைக்கணினிகளில் பெரும்பாலும் 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையிலான ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கும். அவ்வெல்லையை நெருங்கியதும் நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் வெப்பமும் குறையும். அதற்கும் அடங்காவிடில், இறுதிக் காப்பாகக் கணினி தன்னை அணைத்துக்கொள்ளும். பிற்பகல் இரண்டு மணிக்கு அம்மாணவியின் விண்ணப்பத்தை விழுங்கியது கணினியின் பழுது அன்று, அதன் தற்காப்பு.

தெரிந்து தெளிவோம்

1989ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் 486 வகைச் சில்லுகள் தொடக்கத்தில் விசிறியின்றியே இயங்கின. 1993இல் வந்த பென்டியம் சில்லுடன் வெப்பத் தகடும் விசிறியும் மேசைக்கணினியில் நிலைபெற்றன. அதனை உருவாக்கிய குழுவில் முதன்மைப் பங்காற்றியவர் புனேயில் பிறந்த வினோத் தாம். 2004ஆம் ஆண்டு வெளியான பென்டியம் 4 வகைச் சில்லுகளில் சில 100 வாட்டைக் கடந்தன. அவ்வாண்டிலேயே இன்டெல் நிறுவனம் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. ஒரே கருவை மேலும் மேலும் விரைவாக ஓட்டும் போக்கு அத்துடன் தளர்ந்தது. ஒரு சில்லில் பல கருக்களை வைக்கும் போக்கு வளர்ந்தது. கணினியின் வரலாற்றைத் திசைதிருப்பிய ஆற்றல்களுள் வெப்பமும் ஒன்று.

வெப்பத்தின் நடைவழி

வெப்பத்தை அழிக்க இயலாது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கைமாற்ற மட்டுமே இயலும். சில்லிலிருந்து அதன் உலோக மூடிக்கு, மூடியிலிருந்து தெர்மல் பேஸ்ட் எனப்படும் பசைக்கு, பசையிலிருந்து ஹீட் சிங்க் எனப்படும் வெப்பத் தகட்டிற்கு, தகட்டிலிருந்து பெட்டிக்குள் இருக்கும் காற்றிற்கு, அக்காற்றிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து வெளிக்கு என இவ்வெப்பம் கைமாறிக்கொண்டே செல்கிறது. கிணற்றிலிருந்து வரிசையாக நின்று குடம் மாற்றுவோரில் ஒருவர் தாமதித்தாலும் அவருக்கு முன் நிற்போர் கையில் குடங்கள் தேங்கிவிடும். கணினியிலும் அதே நிலைதான். நுண்செயலி சூடாக இருக்கிறது என்றால் குற்றம் நுண்செயலியிடம் இருக்க வேண்டியதில்லை. அறையின் மூடிய சன்னலிடமும் இருக்கலாம்.

இவ்வழியில் எந்தப் பொருள் எவ்வளவு விரைந்து கைமாற்றும் என்பதை வெப்பக் கடத்துதிறன் என்னும் எண் காட்டுகிறது. சேலத்தார்க்கு இதனை விளக்க வெளியூர் எடுத்துக்காட்டு தேவையில்லை. சேலத்தில் கொலுசாக உருப்பெறும் வெள்ளியே உலோகங்களுள் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது. அதன் எண் ஏறத்தாழ 430. செம்புக்கு 400. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்த பாக்சைட்டுத் தாதுவிலிருந்து மேட்டூர் ஆலையில் பிரிக்கப்பட்டுவந்த அலுமினியத்திற்கு ஏறத்தாழ 235. சேலம் உருக்காலையால் நாடறிந்த துருப்பிடிக்காத எஃகுக்கோ 15 அளவே. எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் செம்புப் பூச்சு இடுவதன் காரணம் இப்போது விளங்கும். வெள்ளி விலைமிக்கது, ஆதலால் வெப்பத் தகடுகளைச் செம்பாலும் அலுமினியத்தாலும் செய்கின்றனர்.

அசையாத காற்றின் எண் 0.026 மட்டுமே. செம்பை நோக்க, பதினையாயிரத்தில் ஒரு பங்கு. பசையின் தேவை இங்கேதான் எழுகிறது. சில்லின் மூடியும் வெப்பத் தகடும் பார்வைக்கு வழவழப்பானவை. நுண்ணோக்கியின்கீழோ மேடும் பள்ளமும் நிறைந்தவை. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பள்ளங்களில் காற்று சிறைப்படும். அக்காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புவதே பசையின் பணி. ஆண்டுகள் செல்லச் செல்ல, பசை உலர்ந்து வெடித்துப் பழைய சுண்ணாம்பு போலாகிவிடும். அப்போது காற்று மீண்டும் உள்ளே குடியேறும்.

சற்று விலையுயர்ந்த கணினிகளின் வெப்பத் தகட்டில் செம்புக் குழாய்கள் வளைந்து செல்வதைக் காணலாம். வெப்பக் குழாய் என்பது அதன் பெயர். மூடிய அக்குழாய்க்குள் சில துளி நீர் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குச் சென்று மீண்டும் நீராகி, உட்சுவரின் திரி போன்ற அமைப்பின் வழியே திரும்பி வரும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் என்பார் 1963இல் உருவாக்கிக் காட்டிய இக்கருவி விண்கலங்களில் இடம்பெற்றுப் பின்னர் கணினிக்குள் வந்தது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இயல்பே இதன் அடிப்படை. நம் வீட்டு மண்பானை நீரைக் குளிர்விக்கப் பயன்படுத்துவதும் அதே இயல்பையே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மண்பானை தன்னைச் சூழ்ந்த காற்றைவிடவும் நீரைக் குளிர்விக்க வல்லது. கணினியின் குழாய் மூடப்பட்டது. அது வெப்பத்தைச் சுமந்து செல்லுமேயன்றி, அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியை ஒருபோதும் தராது. எவ்வளவு பெரிய விசிறியைப் பூட்டினாலும் இதுவே உண்மை. அறையின் வெப்பநிலையே கணினிக்குத் தரைமட்டம். எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது.

நிறுவனம் பூட்டிய பெட்டி

கணினி வாங்குவோர் இரு வழிகளுள் ஒன்றைத் தேர்கின்றனர். உதிரி உறுப்புகளைத் தேர்ந்து கடையில் பூட்டச் செய்வது ஒன்று. இதனை 'அசெம்பிள்' செய்தது என்பர். நிறுவனமே முழுமையாகப் பூட்டி விற்பதை வாங்குவது மற்றொன்று. இது 'பிராண்டட்' எனப்படும். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் இரண்டாம் வகையே உள்ளது. நம் மாநிலத்தின் திருப்பெரும்புதூரிலேயே டெல் நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலை 2007 முதல் இயங்கிவருகிறது.

இவ்வகைப் பெட்டிகள் ஒடுக்கமானவை. மேசையில் இடத்தை அடைக்கக் கூடாது. இரைச்சல் எழக் கூடாது. விலையும் கூடக் கூடாது. இம்மூன்றையும் நிறைவேற்ற முனையும் வடிவமைப்பாளர் சிறிய வெப்பத் தகட்டையும் ஒன்றிரண்டு விசிறிகளையும் கொண்டு அமைகின்றார். இதனை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. பல மேசைக்கணினிகளின் கையேட்டைப் புரட்டினால், இயங்குவதற்கு உரிய சூழல் வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் எனக் குறிக்கப்பட்டிருக்கும். குளிரூட்டிய அலுவலகத்தில் அது போதும். தகரக் கூரையின்கீழ், மே மாதத்தில், அயோத்தியாப்பட்டணத்தில் அது போதாது. கையேட்டின் அந்த ஒரு வரியை வாங்கும்போதே படிப்பவர் மிகச் சிலர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 65 வாட் நுண்செயலியிலிருந்து வெளியேறும் வழியில், வாட் ஒன்றுக்கு 0.6 டிகிரி வீதம் வெப்பநிலை ஏறுகிறது என்று கொள்வோம். நுண்செயலி தன்னைச் சூழ்ந்த காற்றைவிட 39 டிகிரி மேலே நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்று அறையைவிட 9 டிகிரி மிகுதி என்க. மார்கழியில் அறை 24 டிகிரியாயின் நுண்செயலி 72 டிகிரியில் இயங்கும். மே மாதத்தில் அறை 38 டிகிரியாயின் 86. இதுவரை இடர் இல்லை. தூசு படிந்து பெட்டிக்காற்று மேலும் 8 டிகிரி ஏறி, பசை உலர்ந்து மேலும் 8 டிகிரி கூடினால் 102. எல்லை கடந்தாயிற்று. அதே தூசும் அதே உலர்ந்த பசையும் மார்கழியில் 88 டிகிரியோடு நின்றிருக்கும். எவர் கண்ணிலும் பட்டிருக்காது. கோடை குறையை உண்டாக்குவதில்லை. இருந்த குறையை வெளிப்படுத்துகிறது.

முதலில் அளத்தல்

மருத்துவர் மருந்து எழுதுமுன் நாடி பார்ப்பது போல, கணினியைத் திறக்குமுன் அதன் வெப்பநிலையை அளத்தல் வேண்டும். இதற்கெனக் கட்டணமற்ற மென்பொருள்கள் உள்ளன. சில கணினிகளில் பயாஸ் திரையிலேயே காணலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ஒற்றைக் கட்டளையால் அறியலாம். சும்மா இருக்கும்போது எவ்வளவு, பத்து நிமிடம் கடும் வேலை கொடுத்தபின் எவ்வளவு, அவ்வேளையில் அறையின் வெப்பநிலை எவ்வளவு என மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது எண்ணை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் ஒப்பிடுவோர், மழை பெய்த நாளில் அளந்துவிட்டுத் தாம் செய்த மாற்றத்தால் கணினி குளிர்ந்தது என மகிழ்வதுண்டு.

தூசும் காற்றும்

சேலம் வட்டாரத்தில் தூசு ஒரு வகையன்று. நெடுஞ்சாலைப் புழுதி, தறிக்கூடங்களின் பஞ்சுத் துகள், வெயிலில் உலர்த்தும் ஜவ்வரிசி மாவு எனப் பலவும் காற்றில் கலந்தவை. விசிறி காற்றை இழுக்கும்போது இவற்றையும் சேர்த்தே இழுக்கிறது. பஞ்சுத் துகள் வெப்பத் தகட்டின் இடுக்குகளில் சிக்கி வலைபோல் பின்னிக்கொள்ள, புழுதி அவ்வலையில் படிகிறது. விசிறியை நீக்கிப் பார்த்தால் தகட்டின்மேல் கம்பளி போர்த்தியது போன்ற ஒரு படலம் கிடக்கும். கோடையில் கம்பளி போர்த்தி உழைப்பவன் எத்தனை நாழிகை உழைப்பான்?

ஆதலின் முதற்பணி தூய்மை. கணினியை முறைப்படி அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஆற்றுப்பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னேற்றத்தைப் போக்கிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியாயின் திறக்கலாமா என்பதை நிறுவனத்தாரிடம் கேட்டறிதல் நன்று. திறந்தபின் உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டால், உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்கும். மென்மையான உலர்ந்த தூரிகையாலும் புளோயராலும் தூசை அகற்றலாம். புளோயரைப் பயன்படுத்தும்போது விசிறியின் இறகுகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அது தன் வேகத்திற்கு மேல் சுழன்று தாங்கியைக் கெடுத்துக்கொள்ளும். ஈரத்துணி ஆகாது. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. அதனுள் உள்ள மின்தேக்கிகள் மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரும் உயிருக்கு ஊறு செய்யும் மின்னேற்றத்தை வைத்திருக்கக் கூடும். அதன் துளைகளின் வழியே வெளிப்புறத் தூசை ஊதிவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து, காற்றின் பாதை. 100 வாட் வெப்பத்தைக் காற்றின்மேல் ஏற்றி அனுப்ப வேண்டும். ஆனால் அக்காற்று 10 டிகிரிக்குமேல் சூடாகக் கூடாது என்றால் நொடிக்கு ஏறத்தாழ 9 லிட்டர் காற்று பெட்டியின் வழியே கடந்து செல்ல வேண்டும். ஒரு வாளியின் கொள்ளளவில் பாதிக்கும் மேல், ஒவ்வொரு நொடியும். சுவரோடு ஒட்டிய பெட்டிக்கு இவ்வளவு காற்று எங்கிருந்து கிடைக்கும்? பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே நகர்த்துவது செலவில்லாத மருந்து. தரையிலிருந்து சிறிது உயர்த்தி வைத்தால் புழுதியும் குறையும். முன்புறம் குளிர்ந்த காற்று நுழைய, பின்புறம் சூடான காற்று வெளியேறுமாறு விசிறிகளின் திசை அமைந்திருத்தல் வேண்டும். நம் முன்னோர் வீடு கட்டும்போது முன்வாசலுக்கு நேரே பின்வாசல் வைத்தது இக்கருத்தைப் பற்றியே. புதிதாகப் பூட்டிய விசிறி எதிர்த்திசையில் ஊதினால் இரு காற்றும் மோதிக்கொண்டு பெட்டிக்குள்ளேயே சுழலும். அதைவிட விசிறி இல்லாமலே இருக்கலாம்.

பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து, மேசை விசிறியை அதன்மேல் திருப்பிவிடுவது நம்மூர்க் கடைகளில் காணும் வழக்கம். வெப்பநிலை சற்றுக் குறையும்தான். விரைவில் தூசு இரட்டிப்பாகும். பல்லியும் கரப்பானும் கதகதப்பு நாடிக் குடியேறும். தாய்ப்பலகையின்மேல் ஒரு பல்லி குறுக்கே விழுந்து இறந்தால் கணினியும் உடன் செல்லும். அவசரத்துக்கு ஒருநாள் செய்யத்தக்க இதனை நிரந்தர ஏற்பாடாக்குதல் தகாது.

பசை மாற்றுதல்

தூய்மை செய்தபின்னும் வெப்பநிலை இறங்காவிடில் பசையை மாற்றிப் பார்க்கலாம். நல்ல பசை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கணினியைச் சற்று நேரம் இயக்கிச் சூடாக்கி, பின் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, வெப்பத் தகட்டை மெல்ல இடமும் வலமும் திருகி எடுக்க வேண்டும். உலர்ந்த பசை நுண்செயலியைத் தகட்டோடு சேர்த்துக் கவ்வியிருக்கும். வெடுக்கென இழுத்தால் சில்லும் உடன் பிடுங்கிவரும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, மூடியின் நடுவே ஒரு பச்சைப்பட்டாணி அளவு புதிய பசையை வைத்தால் போதும். மிகுதியாக வைப்பது நன்மை அன்று. பசையும் செம்பைப் போலக் கடத்துவதில்லை, காற்றைவிட மேல் என்பதே அதன் சிறப்பு. திருகாணிகளை ஒரு பக்கமாக முடுக்காமல், எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பசைக்குப் பதில் பற்பசை போதும் என்றொரு பேச்சு உலவுகிறது. பற்பசையில் உள்ள நீர் சில நாள்களில் உலர, நிலைமை முன்னையினும் மோசமாகும்.

பெரிய வெப்பத் தகடு வாங்கிப் பூட்டலாமே எனின், நிறுவனப் பெட்டிகளில் அது எளிதன்று. திருகாணித் துளைகளின் இடைவெளி, விசிறியின் இணைப்பான், பெட்டியின் உயரம் ஆகியவற்றை நிறுவனங்கள் தம் விருப்பப்படி அமைத்திருக்கும். அளந்து பாராமல் வாங்கினால் பணம் வீணாகும்.

உண்பதைக் குறைத்தல்

வெப்பத்தை வெளியேற்றுவது ஒரு வழி. வெப்பம் பிறப்பதையே குறைப்பது மற்றொரு வழி. நுண்செயலியின் இயக்கத்துக்குச் செலவாகும் மின்திறன் அதன் வேகத்திற்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. இரண்டையும் பத்து விழுக்காடு குறைத்தால் மின்திறன் 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.729 ஆகும். பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்தால் இருபத்தேழு விழுக்காடு வெப்பம் குறைகிறது. இலாபமான பண்டமாற்று அல்லவா?

இதற்குப் பெட்டியைத் திறக்கவும் வேண்டியதில்லை. இக்கால நுண்செயலிகள் வேலை மிகும்போது தம் அடிப்படை வேகத்தைக் கடந்து சிறிது நேரம் பாயும் இயல்புடையன. விண்டோஸ் இயங்குதளத்தின் மின்சேமிப்பு அமைப்பில் நுண்செயலியின் உச்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99ஆகக் குறைத்தால், பெரும்பாலான கணினிகளில் இப்பாய்ச்சல் நின்றுவிடும். விண்ணப்பம் நிரப்பவும் கடிதம் தட்டச்சிடவும் பாய்ச்சல் எதற்கு? ஒரு நொடி விரைந்து ஓடி, எல்லையைத் தொட்டு, மூச்சிரைத்து நிற்கும் கணினியைவிட, ஒரே சீராக நடக்கும் கணினி மாலைக்குள் அதிக வேலையை முடித்துவிடும். பின்னணியில் வேண்டாது இயங்கும் மென்பொருள்களை நிறுத்துவதும் இவ்வகையைச் சாரும்.

அறையும் கணினியே

பெட்டியிலிருந்து வெளியேறிய வெப்பம் அறையைவிட்டு நீங்காவிடில் அதே காற்றைக் கணினி மீண்டும் உள்ளிழுக்கும். பத்துக் கணினிகள் இயங்கும் பள்ளி ஆய்வகத்தில், கணினி ஒன்றுக்குத் திரையுடன் சேர்த்து 100 வாட் எனக் கொண்டாலும், நாள் முழுவதும் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி வைத்ததற்கு ஒப்பாகும். நாற்பது மாணவர் அமர்ந்திருந்தால் அவர்தம் உடல்வெப்பம் தனி. சுவரின் உயரத்தில் ஒரு வெளியேற்று விசிறி, எதிர்ப்புறம் தாழ்வாக ஒரு திறப்பு, மேற்கு வெயிலை மறைக்க ஒரு தட்டி, தகரக் கூரையின்மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றால் அறை நான்கு டிகிரி தணிந்தால், அந்த நான்கு டிகிரியும் அப்படியே ஒவ்வொரு நுண்செயலியிலும் குறையும். விலையுயர்ந்த எந்த விசிறியும் ஒரே நேரத்தில் பத்துக் கணினிகளுக்கு இவ்வுதவியைச் செய்துவிடாது. உள்ளே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கோ அது செய்யவே செய்யாது.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளிக் கணினி ஒன்றின் வெப்பநிலையைக் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் அறை வெப்பநிலையோடு சேர்த்து ஒரு வாரம் அளந்து அட்டவணைப்படுத்துக. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு மாறாமல் இருக்கிறதா எனக் காண்க.

உங்கள் ஊரில் கணினி பழுதுபார்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, கோடையில் அவரிடம் வரும் கணினிகளில் எவை உண்மையில் பழுதானவை, எவை தூசு நீக்கியதும் இயங்கியவை எனக் கேட்டு, அவர் கூறும் தொழிற்சொற்களைத் தொகுக்க.

மண்பானை, எவர்சில்வர் பாத்திரத்தின் செம்பு அடி, ஓட்டு வீட்டின் முற்றம் ஆகிய மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்து, அது வெப்பத்தைக் கையாளும் முறையைக் கணினியோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.